இடித்த வீட்டின் செங்கல் யாருடையது?



சிந்தாதிரிப்பேட்டையின் குறுகிய தெருக்களில் பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. தேக்கு உத்திரமும் சுண்ணாம்புத் தளமும் கொண்ட வீடு இருந்த இடத்தில், கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே அடுக்குமாடியுமாகப் புதிய கட்டடம் எழுகிறது. குடும்பம் பெருகுகிறது, பாகப்பிரிவினை நடக்கிறது, சுவர் விரிசல் விடுகிறது. இடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இடித்தது எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? கதவும் கம்பியும் பழைய பொருள் கடைக்குப் போகின்றன. எஞ்சிய செங்கல், காரை, கான்கிரீட் துண்டு, ஓடு, மண் எல்லாவற்றுக்கும் சென்னைக் கட்டடத் தொழிலில் ஒரே பெயர்தான்: 'ரப்பீஷ்'. அது லாரியில் ஏறிய கணமே நம் பொறுப்பும் ஏறிப் போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறோம். பல நேரங்களில் அந்த லாரி போய் நிற்குமிடம் ஓர் ஆற்றங்கரை, ஒரு காலிமனை, ஓர் ஏரியின் ஓரம். சிந்தாதிரிப்பேட்டையோ கூவம் மூன்று பக்கமும் வளைந்தோடும் ஊர். கரையில் கொட்டப்படும் ஒவ்வொரு வண்டி இடிபாடும் ஆற்றின் அகலத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த நீர் தன் இடத்தைத் தேடிக் கரையோரத்து ஏழையின் வீட்டுக்குள் நுழைகிறது.

இடிபாடு என்பது குப்பை என்ற எண்ணம் மிகப் புதியது. நம் ஊரின் வரலாற்றில் அது பொருள். இஸ்லாமிய வரலாற்றில் அது விலை கொடுத்து வாங்கப்பட்ட பொருள். ஃபிக்ஹு நூல்களில் அது உரிமையாளர் உள்ள பொருள், அதாவது அமானத். இம்மூன்றையும் இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

சின்னத் தறிப் பேட்டை

கிழக்கிந்தியக் கும்பெனிக்கு 1730களில் துணி தேவைப்பட்டது. நெசவாளர்களைக் கோட்டைக்கு அருகிலேயே குடியமர்த்தினால் துணி தடையின்றிக் கிடைக்கும் என்று ஆளுநர் ஜார்ஜ் மோர்ட்டன் பிட் கருதினார். கூவத்தின் வளைவுக்குள் சுங்குராம செட்டி என்ற பெருவணிகரின் வசமிருந்த தோட்டம் அதற்காக எடுக்கப்பட்டு, 1734இல் நெசவாளர் குடியிருப்பு உருவாயிற்று. சின்னத் தறிப் பேட்டை என்ற பெயரே மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர்.

அக்காலத்து மதராஸ் வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று அறிந்தால்தான், அது எப்படி இடிக்கப்பட்டது என்பதும் விளங்கும். செங்கல்லை இணைத்தது சுண்ணாம்புக் காரை. கடற்சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, நாள்கணக்கில் ஊறவைத்துப் பயன்படுத்தினர். சுண்ணாம்புக் காரையின் தன்மை என்னவென்றால், அது செங்கல்லைவிட மென்மையானது. நூறு ஆண்டு கழித்துச் சுவரைப் பிரித்தாலும், காரை உதிரும், செங்கல் உடையாது. சித்தாள் ஒருவர் உட்கார்ந்து கரணையால் சுரண்டினால் கல் முழுதாகக் கைக்கு வரும். மறுநாள் அது வேறொரு சுவரில் ஏறும்.

உடைந்த செங்கல்லும் வீணாகவில்லை. 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் பெற்ற தளத்தை எண்ணிப் பாருங்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மீது செங்கற்களைக் குத்துவாட்டில் குறுக்காக அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, மரக்கட்டையால் நாள் முழுதும் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அந்த ஜல்லி என்பது உடைத்த செங்கல்தான். இன்னும் நொறுங்கிப் பொடியானதற்கும் 'சுர்க்கி' என்று ஒரு பெயரும் வேலையும் இருந்தன. சுண்ணாம்பில் செங்கற்பொடி சேர்ந்தால் ஈரத்திலும் காரை இறுகும். கிணற்றுச் சுவருக்கும் தொட்டிக்கும் அது உதவிற்று. முழுக்கல் சுவருக்கு, அரைக்கல் தளத்துக்கு, பொடி காரைக்கு என்று மூன்று படியிலும் அதற்கு வேலை இருந்தது.

போய்த் திரும்பிய தூண்கள்

இந்தப் பேட்டையை உருவாக்கிய அதே ஆளுநர் பிட்டின் காலத்தில், 1732 வாக்கில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு தூண் மண்டபப் பாதை எழுந்தது. கடலை நோக்கிய வாயிலிலிருந்து ஆளுநர் மாளிகை வரை நடந்து செல்வதற்கான பாதை அது. தூண்கள் யாவும் பல்லாவரத்துக் கருங்கல்லில் செதுக்கப்பட்டவை.

1746இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைக் கைப்பற்றினர். மூன்று ஆண்டுக்குப்பின் உடன்படிக்கைப்படி நகரத்தைத் திருப்பிக் கொடுத்தனர். அதற்குள் அந்தத் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டனர். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் தங்கள் தூண்களைத் தேடி எடுத்து மதராஸுக்கே கொண்டுவந்து மறுபடி நிறுத்தினர். பின்னர் 1910 வாக்கில் கோட்டையில் சட்டமன்றக் கட்டடம் விரிவானபோது, அத்தூண்களில் 20 அதன் முகப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. இன்றும் தலைமைச் செயலக முகப்பில் பளபளப்பாக நிற்கும் கருந்தூண்கள் அவையே. தொலைக்காட்சிச் செய்தியில் அவற்றை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அவற்றுக்கு ஏறத்தாழ 300 வயது என்பதை நினைப்பதில்லை.

போரிட்ட இரண்டு அரசுகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருந்தன. செதுக்கிய கல் என்பது கொள்ளையடிக்கத் தக்க, மீட்கத் தக்க செல்வம். அதை உடைத்துக் கடலில் எறிய இரு தரப்புக்கும் மனம் வரவில்லை.

கஅபாவை இடிக்க அஞ்சிய கைகள்

கட்டடத்தைப் பிரிப்பதைப் பற்றிய மிகப் பெரும் பாடம் நம் ஸீரத்திலேயே இருக்கிறது. நபித்துவம் அருளப்படுவதற்கு முன், பெருமானார் (ஸல்) அவர்களுக்கு 35 வயதானபோது, குறைஷியர் கஅபாவைப் புதுப்பிக்க முடிவு செய்தனர். வெள்ளத்தால் சுவர்கள் தளர்ந்திருந்தன. கூரையும் இல்லை. ஆனால் இடிக்க எவருக்கும் கை வரவில்லை. இறுதியில் வலீத் இப்னு முகீரா கடப்பாரையை எடுத்தார். தாங்கள் நன்மையையே நாடுவதாக இறைவனிடம் முறையிட்டுவிட்டு ஒரு பகுதியை மட்டும் இடித்தார். மற்றவர்கள் அன்றிரவு காத்திருந்தனர். அவருக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை என்று மறுநாள் கண்ட பிறகே வேலையில் இறங்கினர். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இட்ட அடித்தளத்தை அடைந்ததும், அதற்குக் கீழே தோண்டாமல் நிறுத்திக்கொண்டனர். தேவையான அளவுக்கு மட்டுமே இடித்தனர்.

கூரைக்கு மரம் எங்கிருந்து வந்தது? ஜித்தா கரையில் உடைந்து ஒதுங்கிய ரோமானிய வணிகக் கப்பல் ஒன்றின் மரங்கள் அவை. பாலைநிலத்து மக்காவில் பெருமரம் அரிது. உடைந்த கப்பல் அவர்களுக்குக் குப்பையாகத் தோன்றவில்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வட்டி, விபசாரம், அநீதி ஆகியவற்றால் வந்த பணம் இப்பணியில் கலக்கக் கூடாது என்று அவர்கள் கட்டுப்பாடு வைத்தனர். அப்படிச் சேர்ந்த தூய பணம் போதாமல் போனதால், ஒரு பகுதியைக் கட்டடத்துக்குள் சேர்க்காமல் வெளியே விட்டனர். தவாஃப் செய்யும் ஒவ்வொருவரும் இன்றும் சுற்றிச் செல்லும் ஹிஜ்ரு இஸ்மாயீல் பகுதி அதற்குச் சாட்சி. அறியாமைக் காலத்து மனிதர்கள்கூடப் பொருளின் வழி பார்த்தனர்.

ஹிஜ்ரத்துக்குப்பின் மதீனாவில் மஸ்ஜிதுந் நபவிக்குத் தேர்ந்த இடத்தில் பேரீச்ச மரங்களும் இடிந்து கிடந்த சுவர்களும் இருந்தன. இடிபாடு அங்கேயே சமப்படுத்தப்பட்டது. வெட்டிய பேரீச்ச மரங்கள் கிப்லாத் திசையில் வரிசையாக நிறுத்தப்பட்டன. வாசலின் இரு பக்கத்துக்கும் கல் வைக்கப்பட்டது. இச்செய்தி புகாரியில் வருகிறது. முஸ்லிம் உம்மத்தின் முதன்மையான பள்ளிவாசல், தன் மனையில் கிடந்ததைத் தன் மனையிலேயே பயன்படுத்தி எழுந்தது.

அடுத்து கூஃபா. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 17 வாக்கில், ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அந்நகரை அமைத்தார். அருகிலிருந்த ஹீராவில் முந்திர் வம்சத்து அரசர்களின் மாளிகைகள் பாழடைந்து கிடந்தன. அவற்றின் பொருள்கள் கூஃபாவின் பள்ளிவாசலுக்குப் பயன்பட்டன. வரலாற்றாசிரியர் பலாதுரி இதைப் பதிவு செய்கையில் ஒரு சிறு விவரத்தையும் சேர்க்கிறார். அப்பொருள்களின் விலை, ஹீரா மக்கள் செலுத்த வேண்டிய ஜிஸ்யாவில் கழித்துக்கொள்ளப்பட்டது. வென்ற படை, தோற்ற ஊரின் பாழடைந்த மாளிகையில் கிடந்த கல்லுக்கும் விலை போட்டது. இடிபாட்டுக்கும் ஹக் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஃபிக்ஹு நூலில் இடிபாடு

ஹனஃபீ மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவை இமாம் மர்கீனானி (ரஹ்) எழுதி 800 ஆண்டுக்கு மேலாகிறது. அதன் வக்ஃபு பாடத்தில், வக்ஃபுக் கட்டடத்திலிருந்து இடிந்து விழுந்ததை என்ன செய்வது என்பதற்கு ஒழுங்கான சட்டம் உண்டு. சுருக்கமாகச் சொன்னால் மூன்று படி. முதலாவது, அதே வக்ஃபின் பழுதுபார்ப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, இப்போது தேவையில்லையென்றால், தேவை வரும்வரை பாதுகாத்து வைக்க வேண்டும். மூன்றாவது, அப்பொருளை அதே இடத்தில் திரும்ப வைக்க வழியே இல்லையென்றால், விற்று, அந்தத் தொகையைப் பழுதுபார்ப்புக்கே செலவிட வேண்டும். வக்ஃபின் பயனை அனுபவிப்பவர்கள் அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. ஏனெனில் அது வக்ஃபின் உடலில் ஒரு பகுதி. அவர்களுக்கு உரியது பயன் மட்டுமே.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹப் வழக்கில் உள்ளது. அங்கு இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் ஓதப்படுகிறது. அதில் பள்ளிவாசலின் கிழிந்த பாய்க்கும் முறிந்த உத்திரத்துக்கும்கூடத் தனிச் சட்டம் இருக்கிறது. எரிப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாத நிலையை அது அடைந்தால்தான் விற்கலாம் என்பதே வலுவான கருத்து. வேறு ஏதேனும் பயன் அதில் எஞ்சியிருக்கும்வரை அதைப் பள்ளிவாசலே வைத்திருக்க வேண்டும். இரண்டு மத்ஹப்களுக்கும் விவரங்களில் வேறுபாடு உண்டு. ஆயினும் இடிபாட்டைத் தூக்கி எறி என்ற தீர்வு எதிலும் இல்லை.

ஹிதாயாவில் இதே போன்ற இன்னும் இரண்டு சட்டங்கள் உள்ளன. பொதுப்பாதையில் ஒருவர் கல்லோ கட்டையோ போட்டு, அதில் இடறி ஒருவர் இறந்தால், போட்டவர் தரப்பின்மீது இரத்த ஈடு கடமையாகிறது. சாய்ந்து நிற்கும் சுவரைப் பற்றி உரிமையாளருக்கு எச்சரிக்கை செய்யப்பட்டு, இடிக்க அவகாசம் இருந்தும் அவர் இடிக்காமல் விட்டு, அது விழுந்து சேதம் விளைந்தால், அதற்கும் அவரே பொறுப்பு. அக்காலத்து அறிஞர்கள் இறந்தவரின் குடும்பத்தின் கண்ணோட்டத்தில் கட்டடத்தைப் பார்த்தனர். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை நினைக்கும்போது, சாய்ந்த சுவர் பற்றிய அந்தப் பாடம் பழையதாகத் தோன்றவில்லை.

எப்போது 'ரப்பீஷ்' ஆயிற்று?

மனிதர்கள் திடீரென்று பொறுப்பற்றவர்கள் ஆகிவிடவில்லை. பொருள் மாறிற்று, கருவி மாறிற்று, கணக்கு மாறிற்று.

சிமெண்டு வந்தபோது காரை செங்கல்லைவிடக் கடினமாயிற்று. சுவரை உடைத்தால் காரையோடு சேர்ந்து செங்கல்லும் நொறுங்குகிறது. கம்பி போட்ட கான்கிரீட் தளத்தைப் பிரிக்கவே முடியாது. உடைக்க மட்டுமே முடியும். அடுத்து இயந்திரம். ஜேசிபி நாள்கணக்கான வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறது. ஆனால் அதன் பல்லுக்கு நிலையும் தெரியாது, தட்டோடும் தெரியாது. எல்லாம் ஒரே குவியல். கடைசியில் கணக்கு. பழைய வீட்டை இடிக்கும் ஒப்பந்தக்காரர் உரிமையாளருக்கே ஒரு தொகை தருவது சென்னையில் வழக்கம். தேக்கிலும் இரும்பிலும் அவர் அதை மீட்டுக்கொள்வார். மீதியை அகற்றுவது அவருக்குச் செலவு. தூரம் குறைந்தால் செலவு குறையும். ஆகவே லாரி மிக அருகிலுள்ள பள்ளத்தைத் தேடுகிறது. சென்னையில் மிக அருகிலுள்ள பள்ளம் என்பது பெரும்பாலும் ஒரு நீர்நிலை.

அரசும் இதை அறிந்திருக்கிறது. கட்டுமான, இடிப்புக் கழிவுகளுக்கென்றே 2016 மார்ச்சில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. சிறு வீடானாலும் இடிபாட்டைச் சாலையிலோ வடிகாலிலோ போட்டுப் பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ இடிபாடு உண்டாக்குபவர் அதைக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என நான்காகப் பிரித்துத் தர வேண்டும் என்பது இன்னொன்று. 2025இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நாள் குறிக்கப்பட்ட அவை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான கட்டுமானங்களின் உரிமையாளர்மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 400 டன் வீதம் இடிபாட்டை அரைக்கும் ஆலைகள் மாநகராட்சியின் ஏற்பாட்டில் அமைந்துள்ளன. கான்கிரீட்டை நொறுக்கிச் சலித்து ஜல்லியும் மணலும் எடுக்கிறார்கள். நடைபாதைக் கற்கள் செய்கிறார்கள். இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2016இல் திருத்திய ஐ.எஸ். 383 தரவிதி, இப்படி எடுத்த ஜல்லியைக் கம்பி போடாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், எம்-25 வரையிலான தரமுள்ள கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும் சேர்க்க அனுமதிக்கிறது.

பெருங்குடி ஆலைக்கு அருகில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களில் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டது. ஆண்டாண்டு காலமாக நகரத்தின் குப்பையையும் இடிபாட்டையும் வாங்கிச் சுருங்கிப்போன இடமும் அதுவே.

நவாபின் மஹாலும் புதுப்பேட்டைக் கடையும்

இடிக்காமல் பழுதுபார்ப்பதே முதல் படி என்று ஹிதாயா சொல்வதற்கு நம் கண்ணெதிரே ஓர் உதாரணம் உண்டு. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து அண்ணா சாலையைக் கடந்து கடற்கரை நோக்கிச் சென்றால் சேப்பாக்கம். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1768இல் அங்கே கட்டிய அரண்மனையின் ஒரு பகுதி கலஸ் மஹால். 2012 ஜனவரியில் அதில் பெரும் தீ மூண்டது. மேற்கூரை விழுந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கருகி நின்ற சுவர்களைப் பார்த்து, இனி இடிப்பதுதான் வழி என்ற பேச்சும் எழுந்தது. ஆயினும் அது இடிக்கப்படவில்லை. பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையைக் கொண்டு பழைய முறையிலேயே அதை மீட்டெடுத்தது. அருகிலுள்ள ஹுமாயூன் மஹாலும் அவ்வாறே மீட்கப்பட்டது. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் பழைய பக்குவத்தை இக்காலத்துக் கொத்தனார்கள் மீண்டும் கையாண்டனர்.

இன்று கலஸ் மஹாலில் இயங்குவது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. ஏரியிலும் சதுப்பிலும் இடிபாடு கொட்டுவது பற்றிய வழக்குகளை விசாரிக்கும் மன்றம், லாரியில் ஏறாமல் தப்பிய ஒரு நவாபின் சுவர்களுக்குள் அமர்ந்திருக்கிறது.

இடிக்கத்தான் வேண்டுமென்றால், எப்படிப் பிரிப்பது என்பதற்கும் தூரம் போக வேண்டாம். கூவத்தின் அக்கரையில் புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து உதிரி விற்பதில் பெயர்பெற்ற இடம். அங்கே ஒரு கார் நுழைந்தால் அது குவியலாக வெளியே போவதில்லை. கதவு ஒரு கடைக்கு, கியர் பெட்டி இன்னொரு கடைக்கு, ஸ்பிரிங் பட்டை வேறொரு கடைக்கு. எஞ்சிய தகடுதான் உருக்கப் போகிறது. காரைப் பிரிக்கும் அந்தக் கைத்திறன் நம் கொத்தனார்களிடமும் ஒரு காலத்தில் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் விலை போவது அந்தத் திறன் அங்கே மறையாததால்தான்.

காஸாவை நினைக்காமல் இப்பேச்சு முழுமை பெறாது. 2007 முதல் முற்றுகைக்குள் சிமெண்டும் கம்பியும் எளிதில் நுழைய முடியாத அந்நிலத்தில், ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் மக்கள் தங்கள் வீட்டு இடிபாட்டையே அரைத்து ஜல்லி ஆக்கினர். வளைந்த கம்பியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினர். அங்கே குவிந்த இடிபாடு 4 கோடி டன்னுக்கு மேல் என்று 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு மதிப்பிட்டது. அதற்குள் மனிதர்களின் உடல்களும் இருந்தன. தாங்கள் இழந்த வீட்டின் ஒவ்வொரு கல்லையும் அவர்கள் கையிலெடுத்துப் பார்க்கிறார்கள். நாம் விரும்பி இடிக்கும் வீட்டின் கல்லை ஒருமுறை திரும்பிப் பார்க்கவும் நமக்கு நேரமில்லை.

நம் வீட்டில், நம் மஹல்லாவில்

இந்த வரலாறு நம்மிடம் சில காரியங்களைக் கேட்கிறது.

முதலாவது, வாரிசுரிமை. இறந்த தந்தையின் வீட்டைப் பிள்ளைகள் இடித்துக் கட்டுகிறார்கள் என்று கொள்வோம். ஒப்பந்தக்காரர் தேக்குக்கும் இரும்புக்கும் ஒரு தொகை கொடுப்பார். பெரும்பாலும் அது முன்நின்று வேலை பார்க்கும் அண்ணன் கையில் போய்ச் சேரும். சில்லறைச் செலவில் கரையும். மனையில் தங்கைக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்பவர்கள்கூட, கதவிலும் உத்திரத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு என்பதை நினைப்பதில்லை. பாகம் பிரியாத வீடு முழுவதும் தந்தை விட்டுச்சென்ற சொத்து. அதன் நிலைப்படியும் தரைக்கல்லும் அந்தச் சொத்தே. அதற்கு வந்த விலை ஃபராயிள் கணக்குப்படி தாய்க்கும், சகோதர சகோதரிகளுக்கும் சேர வேண்டும். அவர்கள் அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. கேட்காமலே விடுவது விட்டுக்கொடுத்தல் ஆகாது.

இரண்டாவது, பள்ளிவாசல் புதுப்பிப்பு. நம் ஜமாஅத்துகள் பழைய பள்ளியை இடித்துப் பெரிதாகக் கட்டும்போது, இடிப்பதற்கு முன்பே முதவல்லியும் நிர்வாகிகளும் பொருள்களைப் பட்டியலிட்டு எழுதுவது நல்லது. எத்தனை தூண், எத்தனை கதவு, எத்தனை உத்திரம், எவ்வளவு கல் என்று எழுதட்டும். எது புதிய கட்டடத்தில் சேரும், எது பாதுகாக்கப்படும், எது விற்கப்படும் என்பதைத் தம் மத்ஹபை அறிந்த ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும். விற்ற தொகை பள்ளியின் கணக்கில் தனி வரியாக ஏறட்டும். நன்கொடை கொடுத்தவரின் பேரன் நாளை அதைப் பார்க்கும் உரிமை உடையவன்.

மூன்றாவது, ஒப்பந்தம். இடிப்பவரிடம் எவ்வளவு தருவீர்கள் என்று மட்டும் கேட்கிறோம். எங்கே கொட்டுவீர்கள் என்றும் கேட்டு, அதை எழுத்தில் வாங்க வேண்டும். மாநகராட்சி குறித்த இடத்தில் சேர்த்ததற்கான சீட்டைக் கண்ட பிறகே கடைசித் தவணையை முடிக்கலாம். கூடுதலாகக் கொஞ்சம் செலவாகும். அந்தச் செலவை நாம் ஏற்காவிட்டால் அது மறைந்துவிடுவதில்லை. கரையோரத்தில் வசிப்பவர் தலையில் விழுகிறது. எங்கே சேர்ப்பது என்று தெரியாதவர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம்.

நான்காவது, பிரிப்பு. ஜேசிபி வருவதற்கு முன் இரண்டு நாள் ஆட்களை வைத்துக் கதவு, சன்னல், ஓடு, தரைக்கல், மரம், மின்கம்பி ஆகியவற்றைக் கையால் கழற்றலாம். சுண்ணாம்புச் சுவராக இருந்தால் செங்கல்லையும் முழுதாக எடுக்கலாம். உடைந்த செங்கல் அதே மனையில் தரைக்குக் கீழே நிரப்ப உதவும். மஸ்ஜிதுந் நபவியின் மனையில் இடிபாடு அங்கேயே சமப்பட்டதை நினைவில் கொள்வோம். வேலை செய்பவர்களுக்கு முகத்துணியும், தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பும் நம் பொறுப்பே.

ஐந்தாவது, தெரு. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அப்படியிருக்க, மணலையும் இடிபாட்டையும் வாரக்கணக்கில் தெருவில் குவித்து, பள்ளிக்கூடப் பிள்ளையையும் கைத்தடி ஊன்றிய முதியவரையும் நடுச்சாலைக்குத் தள்ளுவது எந்தக் கிளையில் சேரும்?

வீண்விரயம் செய்பவரை எவருடைய உடன்பிறப்பாகத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் சொல்கிறது என்பது நம் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். வீண்விரயம் என்றதும் கல்யாண விருந்தில் எறியப்படும் சோறே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு சராசரி மனிதன் தன் வாழ்நாளில் எறியும் மிகப் பெரிய பொருள் ஒரு வீடாகத்தான் இருக்கும். அந்த வீட்டின் செங்கல்லில் ஒரு வயலின் மேல்மண் இருக்கிறது. மணலில் ஓர் ஆற்றின் படுகை இருக்கிறது. ஜல்லியில் ஒரு மலை இருக்கிறது. அவை மூன்றையும் படைத்தவனிடம் கணக்குச் சொல்லும் நாள் ஒன்று உண்டு என்று நாம் நம்புகிறோம்.

இறைவா, நாங்கள் கட்டும் வீடுகளில் பரக்கத்தைத் தருவாயாக. இடிக்கும் வீடுகளில் பிறர் உரிமையை மறக்காத உள்ளத்தைத் தருவாயாக. காஸாவிலும் பிற இடங்களிலும் வீடிழந்த மக்களுக்கு, அவர்கள் இழந்ததைவிடச் சிறந்ததை வழங்குவாயாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.